கெர்ட்டு பிடுங்கிய பன்

"உன் நல்லதுக்குத்தான்" என்று சினிக்காவிடம் யாராவது ஆரம்பித்தால், அன்றைக்கு அவருக்கு நேரம் சரியில்லை.

ஒன்பது வயதில் வந்த சர்க்கரை நோய், உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை. அன்றிலிருந்து ஊசியும் அவளே, கணக்கும் அவளே. பின்லாந்தின் கூஹ்மோவில், எங்கள் மரக்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். பலகைக் கட்டோடு அவள் திரும்பினால் தடியன்களே ஒதுங்குவார்கள். அந்த வண்டிச் சாவிதான் அவளுக்கு உயிர். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைப் பார்த்து நர்ஸ் மூக்கால் பாடுவாள்: "அருமை, அருமை!" நிம்மதியாகத் தூங்கினாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கிடங்குக் கணக்குப் பார்க்கும் கெர்ட்டுவுக்குப் பாதிரியார் குரல். காபி அறை அலமாரிச் சாவி அவளிடம்தான். அன்று காபி நேரத்தில் சினிக்கா ஊசி போட்டுக்கொண்டு ஏலக்காய் பன்னை எடுக்கப் போக, கெர்ட்டு தட்டோடு பிடுங்கினாள்.

"சர்க்கரைக்காரி பன் தின்னலாமா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தட்டை வை. அந்த பன்னுக்குத்தான் இப்போ ஊசி போட்டிருக்கேன். தின்னாட்டி சர்க்கரை இறங்கிடும்."

"எங்க மாமாவும் இப்படித்தான் பேசினாரு. சர்க்கரை காலையே வாங்கிடுச்சு."

"உங்க மாமா குடிச்சிட்டு தண்டவாளத்துல படுத்தது ஊருக்கே தெரியும்டி!"

தட்டு அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. வெளியே லாரி ஹாரன் அடித்தது. கோபத்தில் சினிக்கா வெறும் வயிற்றோடு வண்டி ஏறினாள்.

கொஞ்ச நேரத்தில் ஃபோர்க்லிஃப்ட் நடு முற்றத்தில் நின்றது. பாரத்தைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை, கை நடுக்கம். கையில் ஒட்டிய சென்சார் சொல்ல, சர்க்கரை இறங்கிவிட்டது என்று அவள் போன் அலறியது. முதலில் ஓடிவந்த கெர்ட்டு, சாப்பாட்டுக்குப் பின் பல்லுக்காக ஊரே வாயில் போடும் சைலிட்டால் மிட்டாயைக் கைநிறைய அவள் வாயில் திணித்தாள்.

"மெல்லு, மெல்லு! இனிப்புதான்!"

மென்றாள். போன் அலறல் ஓயவில்லை. மேஸ்திரி யோர்மா தன் பெர்ரி ஜூஸை நீட்ட, பிடுங்கிக் குடித்தாள். மெல்ல முகம் தெளிந்தது.

யோர்மா கையை நீட்டினான். "சாவியைக் குடு சினிக்கா. இனிமே ஆபீஸ்ல உக்காரு."

சினிக்கா கெர்ட்டு கையிலிருந்த மிட்டாய்ப் பெட்டியைப் பிடுங்கி அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள். "படி."

"சர்க்கரை... இல்லாதது."

"ஐயோ, இனிச்சுதே!" என்றாள் கெர்ட்டு.

"இனிச்சா சர்க்கரையா? ஊசி போட்டவ பன்னைப் பிடுங்கிட்டு, சர்க்கரை இறங்கினதும் பல்லு விளக்க வந்திருக்கா. தலை சுத்தினப்பவும் பாரத்தை இறக்கி வெச்சு வண்டியை நிறுத்தினது நான். சாவிதானே வேணும்? காபி ரூம் சாவியை அவகிட்ட வாங்கு!"

யோர்மா இருவரையும் பார்த்தான். பிறகு நீட்டிய கையை அப்படியே கெர்ட்டு பக்கம் திருப்பினான்.

மறுநாள் சினிக்கா ஊசி போட்டுக்கொண்டு, கெர்ட்டுவின் முகத்துக்கு நேரே பன்னை மென்றாள்.

"உன் நல்ல..." என்று ஆரம்பித்த கெர்ட்டு, சைலிட்டால் ஒன்றைப் போட்டு வாயை மூடிக்கொண்டாள்.