கல்லில் விழுந்த மூன்று இலைகள்

மலாக்கா பாடாங் திடலில் நாட்டின் சுதந்திரத்துக்கு நாள் குறித்து அறிவித்தது 1956 மாசியில். அதே மாசியில்தான் சிவராத்திரியும் வந்தது. அதே ஊரில், காஜா பேராங் பகுதியில் எங்கள் அடுத்த வீட்டு லாரிக்காரருக்கு அந்த மாதம் முழுவதும் ஒரே நினைப்பு. சிலாங்கூர் நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கம் சுமை இறக்கப் போனவர், சாம்பல் நிறக் கல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதில் மூன்று இலைகளின் அச்சு. கல்லாகிப்போன வில்வம் என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். சிவராத்திரியன்று லிங்கத்தின் முன் வைப்பதாகப் பேச்சு.

கிளேபாங் கடற்கரைச் சிப்பியிலிருந்து மலைக்கல் வரை எதையும் சேர்ப்பவர் அவர். பெயர் கண்டு சொல்வது என் வேலை. தாவர நூல்களை வாசிக்கப்போய் என் தலையில் விழுந்த வேலை.

"பாத்துச் சொல்லிடு தம்பி. ஐயர் கேட்டா உன்னத்தான் கை காட்டப் போறேன்," என்றார்.

அவர் வீட்டுச் சன்னலைச் சாத்தி, கல்லை ஈரத்துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால்தான் நரம்புகள் நிழலோடு எழும். கோயில் மரத்து வில்வம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். வில்வத்தில் மூன்று இலைகளும் ஒரே காம்பில் சேரும். கல்லிலோ வலது இலையின் காம்பு மற்றவற்றின் மேலேறிக் கடந்து போயிருந்தது. இடது இலையின் காம்பு நடு இலைக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. தனித்தனி இலைகள், சேற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தவை.

தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்: இது ஒரே காம்பு இல்லை, மூன்றும் வேறு வேறு இலைகள் என்று. தேநீர் கொண்டுவந்த அவர் மனைவிக்கும் அது காதில் விழுந்துவிட்டது.

"ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்காரு. இனி நீங்கதான் தம்பி பசை போட்டு ஒட்டிக் குடுக்கணும்."

லாரிக்காரர் டார்ச்சை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"ஆமாலா, காம்பு தாண்டிப் போவுது. அப்ப இது என்ன இலை?"

"ஏதோ காட்டு மரம்ணே. பேர் எனக்குத் தெரியல."

"சாமிக்கு ஆகாதா?"

"சாமிக்கு எது ஆகாது? வில்வம்னு சொல்லி வைக்காதீங்க, அவ்வளவுதான்."

சிவராத்திரியன்று கூடை நிறையப் பச்சை வில்வத்தோடு வந்தார். கல் வரவில்லை. எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "அது வில்வம் இல்லலா. கல்லுல ஒரு இலை கெடைக்கிறதே கஷ்டம், எனக்கு மூணு கெடைச்சிருக்கு."

மறுநாள் அவர்களில் பலர் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் காம்பைக் காட்டியதெல்லாம் அவர்தான். எனக்கு அங்கே தேநீர் குடிப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.