எருக்குழிக்குப் போன வயது

எங்கள் காப்பி எஸ்டேட் ஆபீசுக்குப் புது சிஸ்டம் போட்ட கம்ப்யூட்டர் வந்த அன்று, முதலாளி அதை முடுக்கிக் காட்டியதும் திரையில் முதலில் வந்தது நீல வானமும் வெள்ளை மேகமும்தான். ஏற்காட்டில் மேகம் பார்க்க யாரும் கம்ப்யூட்டர் வாங்குவதில்லை. ஜன்னலைச் சாத்த மறந்தால் அதுவே ஆபீசுக்குள் வந்து, மேசைமேல் இருக்கிற காகிதத்தையெல்லாம் அப்பளம் மாதிரி நமுத்துப்போக வைத்துவிட்டுப் போகும். “இத்தன வருசமா நாம வெளிய தள்ளிக் கதவச் சாத்துனதப் புடிச்சு, பொட்டிக்குள்ள போட்டு வித்துட்டாங்க” என்று நான் சொன்னேன். ஆபீசே சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே டைப்பிஸ்ட், ஆட்கள் வாயில் ‘டைப்பு அம்மா’. வயது இருபத்தாறு. வாய் அதைவிட நீளம். அதற்கு முன்பு ஆபீசில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அதற்குக் கட்டளையை ஒரு புள்ளி பிசகாமல் அடிக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் சனிக்கிழமை தோறும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு சேலம் போய் வந்தேன். நான் அடித்தால் அந்தப் பெட்டி வேலை செய்யும், மற்றவர்கள் அடித்தால் தப்பு என்று சொல்லும். ஆபீசில் எனக்கிருந்த மரியாதை மொத்தமும் அதுதான். புது சிஸ்டத்தில் கட்டளையே கிடையாது. படத்தைக் குத்தினால் போதும். எனக்கு வயிறு எரிந்தது. என் நாற்காலி போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்க ஒரு மாதம் முழுக்கக் கேலி செய்தேன்.

கேலிக்கு அந்தப் பெட்டியும் வஞ்சனை வைக்கவில்லை. நிறுத்துவதற்கு ‘ஸ்டார்ட்’டை அமுக்க வேண்டும். எங்கள் ஜீப் டிரைவர் அதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் பிரேக் ஹார்னுக்குள்ளே இருக்குமா என்று விசாரித்தார். வெளிநாட்டில் இந்த சிஸ்டத்தை வாங்கக் கடை வாசலில் வரிசை நின்றதாகப் பத்திரிகையில் வந்தது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்கிற நம் ஆட்கள், அங்கேயும் பாதி வரிசையில் தீர்ந்துபோச்சு என்று கதவைச் சாத்தினார்களா என்று கேட்டார்கள். திரையின் மூலையில் ‘என் கம்ப்யூட்டர்’ என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். எங்கள் எஸ்டேட்டில் மரமோ மாடோ தண்ணீர்க் குழாயோ, எதையும் ‘என்’ என்று சொல்ல ஒருவருக்குத்தான் உரிமை. யார் வந்து உட்கார்ந்தாலும் ‘என்’ என்கிற பெட்டியை யூனியன்காரர்கள்தான் செய்து அனுப்பியிருக்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

முதலாளி மவுஸ் பழகுகிறேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அதில் சீட்டு ஆடினார். லயனில், அதாவது கூலி ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், சீட்டு ஆடினால் ஒரு வாரம் வேலை கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டியவரும் அவரே. அந்த நோட்டீசை டைப் அடித்தது நான்.

இத்தனை கேலியிலும் சிரிக்காமல் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் ரைட்டர் ஒருவர்தான். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர். யார் எது சொன்னாலும் அது உண்மை என்றே எடுத்துக்கொள்வார். கேலி என்று ஒரு பேச்சு உலகத்தில் இருப்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் புது சிஸ்டத்தைப் பற்றிச் சொன்னதையெல்லாம் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொண்டார்.

அவருக்கு அப்போது ஒரு பெரிய வேலை இருந்தது. ஐம்பத்தெட்டு வயது தாண்டிய ஆட்கள் அந்த வருஷப் பழம் பறிப்பு முடிந்ததும் வேலையை விட்டு நின்று, லயன் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். லயனில் ஐந்து வீடுகளை இடித்துச் சேர்த்து டூரிஸ்டுகளுக்குக் காட்டேஜ் கட்ட அவருக்கு ஆசை. ஆனால் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பிறந்த தேதி எழுதின காகிதம் எதுவும் கிடையாது. ரைட்டர் சாயங்காலங்களில் லயன் லயனாகப் போய் வயது கண்டுபிடித்தார். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எந்த வருஷம் இடுப்பில் உட்கார்ந்து போனாய், எந்த வருஷம் நடந்து போனாய் என்று கேட்பார். எந்தக் காட்டில் காப்பிக் கன்று நடும்போது உன்னைத் தூளியில் கட்டியிருந்தார்கள் என்று கேட்பார். கன்று நட்ட வருஷம் எஸ்டேட் புத்தகத்தில் இருக்கும். அதிலிருந்து கூட்டிக் கழித்து ஒரு சீட்டில் எழுதுவார். பொய் சொன்னால், உனக்கு மூத்தவள் என்று நீயே சொன்னவள் உன்னைவிடச் சின்னவளாகிறாளே என்று பிடித்துவிடுவார்.

வெள்ளக்கடை ஊர்ப் பக்கத்திலிருந்து சிறு பெண்ணாக வேலைக்கு வந்து, லயனின் கடைசி வீட்டில் இருந்தவள் ஒருத்தி. தலை முழுக்க நரை, முன்பல் இரண்டு இல்லை. பார்த்தால் அறுபத்தைந்து சொல்லலாம். புருஷன் இல்லை. ஒரே மகள் ஏற்காட்டு மிஷன் பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் ஒன் படித்தாள். லயன் வீடு போனால் படிப்பும் போகும், இன்னும் ஒன்றரை வருஷம் எப்படியாவது இங்கே இருந்துவிட வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். ரைட்டர் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து அவளுக்கு ஐம்பத்து மூன்று என்று கணக்குப் போட்டார். அன்று அவள் ஆபீஸ் வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் தன் வயதைச் சொன்னாள்.

சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து ரைட்டர் ஒற்றை விரலால் கம்ப்யூட்டரில் ஏற்றினார். நான் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் உட்காருவார். ஒரு நாள், திரையில் இருந்த குப்பைக்கூடைப் படம் எதற்கு என்று என்னிடம் கேட்டார். “அது நம்ம எருக்குழி மாதிரிங்க ரைட்டரய்யா. போட்டு வெச்சீங்கன்னா பத்தரமா இருக்கும். வேணுங்கறப்ப நல்லா மக்கி வரும்” என்றேன். பின்னால் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் நோட்டில் ‘எருக்குழி’ என்று எழுதிக்கொண்டு போனார்.

காப்பி எஸ்டேட்டில் எருக்குழி குப்பைமேடு அல்ல. பழத்தை மெஷினில் விட்டுத் தோலுரித்ததும் தோல் முழுக்க அந்தக் குழிக்குப் போகும். அடுத்த வருஷம் அதுவே செடிக்கு வரும். யாரும் திருடிப் போகாமல் இருக்க அதற்குக் காவல்கூட உண்டு. அதனால் ரைட்டர், முக்கியமான பொருளை வைக்க வேண்டிய இடம் எது என்று தெரிந்துகொண்டவராக, தினமும் வேலை முடிந்ததும் அந்தப் பட்டியலை மவுசால் இழுத்துக்கொண்டு போய்க் குப்பைக்கூடைக்குள் போட்டார். மறுநாள் வெளியே இழுத்து வேலையைத் தொடர்ந்தார். இழுப்பதும் விடுவதும் அவருக்கு நன்றாக வந்துவிட்டது. மூன்று வாரம் இப்படி நடந்திருக்கிறது. கேலி செய்கிற மும்முரத்தில் நான் பார்க்கவில்லை.

இதற்கிடையில், கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனிமேல் காகிதமே கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார். ஆபீசில் இருந்த துண்டுக் காகிதமெல்லாம் நிஜமான எருக்குழிக்குப் போயின. ரைட்டரின் சீட்டுகளும் அதோடு போயின. பட்டியலை அச்செடுத்தும் வைக்கவில்லை. பழைய பிரிண்டர் புது சிஸ்டத்தோடு பேச மாட்டேன் என்றதால், சேலத்திலிருந்து ஆள் வரக் காத்திருந்தோம்.

ஒரு நாள் மத்தியானம், பெட்டி ஏன் மந்தமாக இருக்கிறது என்று முதலாளி கேட்டார். எனக்கும் தெரியும் என்று காட்ட அதுதான் நேரம். குப்பையைக் கொட்டிக் காட்டுகிறேன் என்று அமுக்கினேன். நிச்சயமாக அழிக்கலாமா என்று பெட்டி கேட்டது. “பழசு சொன்னாச் செய்யும். இது தாசில்தார் ஆபீஸ் மாதிரி ரெண்டு தடவ கேக்குதுங்க” என்று சொல்லிவிட்டு, ஆமாம் என்பதை அமுக்கினேன். அன்றைக்கு முதலாளியே சிரித்தார்.

மறுநாள் ரைட்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து குப்பைக்கூடைப் படத்தைத் திறந்து திறந்து பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏன் கண்ணு, குழிய ஆரு வாருனாங்க?”

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவரை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த பழைய கட்டளைகளை எல்லாம் அடித்துப் பார்த்தேன். எதுவும் திரும்பி வரவில்லை. ரைட்டர் என்னைத் திட்டவில்லை. சட்டைப்பை நோட்டை எடுத்து, எருக்குழி என்று எழுதியிருந்த பக்கத்தை மட்டும் என்னிடம் காட்டினார். அன்று மதியமே, எனக்குத் தெரிந்து முதல் முறையாக, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சேலத்து மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எருக்குழியில் இறங்கினேன். புளித்த காப்பித்தோல் முழங்காலுக்கு மேல் இருந்தது. பழக்கூடையோடு வந்த பெண்கள் விளிம்பில் நின்று, டைப்பு அம்மா கம்ப்யூட்டரைக் குழிக்குள் தேடுவதாகச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்க அவர்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. கடைசி வீட்டுக்காரி மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னோடு இறங்கித் துழாவினாள். மக்கிப்போன நாலைந்து சீட்டு கிடைத்தது. அவள் ஒன்றை என்னிடம் நீட்டி, “எம்பட வயசு இதுல இருக்குதுங்களா அம்மிணி?” என்று கேட்டாள். மை கரைந்து அதில் ஒன்றுமே இல்லை.

திங்கட்கிழமைக்குள் பட்டியல் வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். நானே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு லயனுக்குப் போனேன். எனக்குத் திருவிழாவும் தெரியாது, கன்று நட்ட வருஷமும் தெரியாது. பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டது என்கிற செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. நாலே நாளில் எஸ்டேட் முழுக்க இளமை திரும்பிவிட்டது. ஊன்றுகோலோடு வந்தவர் நாற்பத்தெட்டு என்றார். அவர் மகன் நாற்பத்தைந்து என்றான். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதினேன். பட்டியல் என்னால் போனது, அதனால் யாரும் தெருவில் நிற்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

கடைசி வீட்டில் அவள் ஐம்பத்து மூன்று என்றாள். கொஞ்சம் குறைத்துச் சொல்லலாமே என்று நான் ஜாடை காட்டினேன்.

“ரைட்டரய்யா நொம்பப் பாடுபட்டுக் கண்டுபுடிச்சுக் குடுத்ததுங்க. அதுக்கு முன்ன எனக்கு வயசுன்னே ஒண்ணு இல்லீங்க. அத எதுக்குங்க கொறைக்கோணும்?” என்றாள். ஐம்பத்தெட்டுக்கு இன்னும் ஐந்து இருக்கிறதே, போதும் என்று நானும் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை ரைட்டர் திரும்பி வந்தார். நான் பெட்டியில் ஏற்றி வைத்திருந்த பட்டியலைத் திரையில் ஒரு முறை படித்துவிட்டு, இதில் ஒருத்திக்குத்தான் வயது சரியாக இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார்.

முதலாளி வந்து பார்த்தார். ஐம்பத்தெட்டு தாண்டினவர் ஒருவரும் இல்லை. நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் வீசி எறிந்திருப்பார். பெட்டிக்குள், கோடு போட்ட கட்டங்களில், அழகான எழுத்தில் இருந்ததால் நம்பிவிட்டார். ஆனால் அவருக்கு ஐந்து வீடு வேண்டும். இந்த சிஸ்டத்தில் ஒரே அமுக்கில் வயதுப்படி வரிசையாக்கலாமாமே, செய் என்றார். செய்தேன். கண் மூடித் திறப்பதற்குள் பேர்களெல்லாம் இடம் மாறின. மேலே முதல் வரியில் அவள் பேர், ஐம்பத்து மூன்று. அவளுக்குக் கீழே, கொஞ்சமாகக் குறைத்துச் சொன்ன நாலு பேர்.

“மேல இருக்கற அஞ்சு பேரு” என்று சொல்லிவிட்டு முதலாளி எழுந்து போனார்.

பட்டியல் பொய் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் நிஜமாகவே அறுபது தாண்டிய பத்துப் பதினைந்து பேர் போவார்கள். சொல்லாவிட்டால் அவள் போவாள். நான் ரைட்டரைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். ஒரு மாதமாக ஓயாத என் வாய் அன்று திறக்கவே இல்லை. எனக்கு இன்னும் அது வெட்கம்தான்.

பறிப்பு முடிந்து வீட்டைக் காலி செய்த அன்று அவள் ஆபீசுக்கு வந்தாள். தன் வயதை ஒரு காகிதத்தில் அச்சடித்துத் தர வேண்டும் என்றாள். அதற்குள் பிரிண்டர் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. வேறு எஸ்டேட்டில் வேலை கேட்க உதவும், நாற்பத்தாறு என்று போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

“ஏனுங்க அம்மிணி, இருந்தத அழிச்சுப்போட்டீங்க. இப்ப இல்லாதத எழுதறேங்கறீங்க. அம்பத்து மூணே போடுங்க.”

போட்டுக் கொடுத்தேன். அவள் காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினாள். வெளியே மகள் மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். பள்ளிக்கூட நாள்தான், யூனிஃபார்ம் போட்டிருக்கவில்லை.

பெட்டியை நிறுத்த ஸ்டார்ட்டை அமுக்கினேன். அவள் வயதை அடித்த பக்கத்தைச் சேமித்து வைக்கலாமா என்று அது கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன்.