கன்று நிற்கும் இடம்

என் மனைவி சுஜீவாவிடம் ஒன்றை வேண்டாமென்று சொன்னால் போதும், அன்றைக்கே அதைத் தொடங்கிவிடுவாள். கிளிநொச்சியில் பதினெட்டு மாடு வளர்த்த வீட்டுப் பெண். அகதியாகப் படகில் இந்த நாட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடம். இன்னும் தற்காலிக விசாதான். கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிறாள். சனிக்கிழமை, நாங்கள் இருக்கும் மெரிலேண்ட்ஸில் ஓவிய வகுப்பு.

அங்கே ஒருநாள் ஆசிரியை தொண்ணூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்க ஓவியங்களைக் காட்டினாராம். உருண்ட மேடுகள், உழுத வயல், மாடு, பன்றி. பெரிய நகரங்களை விட்டுவிட்டுத் தங்கள் ஊரையே வரைந்தவர்கள். வீட்டுக்கு வந்தவள் காலிலிருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"இஞ்சாருங்கோ, மாட்டைப் படமாக் கீறியும் பெரிய ஆளாகலாம். எனக்குத் தெரியாத மாடோ?"

அதன்பிறகு ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கார் இன்னும் ஒரு மணித்தியாலம் தெற்கே ஓடியது. அங்கே ஒரு பால்பண்ணை ஊர். வருடந்தோறும் விவசாயக் கண்காட்சி, கூடவே ஓவியப் போட்டி. அந்த வட்டாரத்தில் உள்ளதை உள்ளபடி வரைய வேண்டும் என்பது விதி. இரண்டு வருடம் அவள் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை ஒரு பசுவும் அதன் மடியை முட்டும் கன்றுமாக வரைந்தாள். எனக்கே பால் மணத்தது.

தேர்வுக்குழுவில் இருந்த பண்ணைக்காரர் கிரெக் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாடு சரி. ஆனால் எங்கள் பண்ணைகளில் கன்று தாயோடு நிற்காது. பிறந்த உடனேயே பிரித்துவிடுவோம்." திருத்த ஒரு கிழமை தவணை கொடுத்தார்.

கன்று முட்டாமல் மாடு பால் சுரக்கும் என்று சுஜீவா கனவிலும் நினைத்ததில்லை. நானும்தான்.

"கண்டுக்குட்டியை அழிச்சுப்போட்டுப் புல்லைக் கீறன். முடிஞ்சுது" என்றேன்.

"ஏன் அழிக்க வேணும்? அது எங்க நிக்குதெண்டு பாத்திட்டுக் கீறுவன். காரை எடுங்கோ."

கிரெக்கின் பண்ணையில் அன்றைக்குத்தான் ஒரு பசு ஈன்றிருந்தது. வேலியோரம் மடக்குக் கதிரையைப் போட்டு மூன்று நாள் இருந்தாள். வேலைக்கு லீவு. மழைக்கும் எழும்பவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பிறகு என் கோபத்தை நினைத்து வெட்கம் வந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த முறை படத்தை ஏற்றுக்கொண்டார்கள். பசுவின் மடியடியில் இப்போது வெறும் புல். தூரத்தில் கன்றுக் கொட்டில், கம்பிக்குள் சின்னதாக ஒரு வெள்ளை நெற்றி. பசு எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அதையே பார்க்கிறது.

கண்காட்சியன்று கிரெக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்றார். பிறகு தயங்கி, "மாட்டை இந்தப் பக்கம் திருப்பி வரைந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

சுஜீவா தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னாள்: "மூன்று நாள் பார்த்தேன். அது திரும்பவில்லை."