தோளில் விட்ட நான்கு விரல்கள்

எனக்குத் தேவைப்பட்டவள் அவள் ஒருத்திதான். ஆகவே படங்களில் அவளோடு நின்றவர்களை எல்லாம் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தேன். ராசா வேடம் கட்டியவன், சாமரம் வீசிய தோழிகள், ஒரு வெள்ளைக் குதிரை, எல்லாம் போயின. மிஞ்சிய அவளைப் பெரிய கொப்பி ஒன்றில் ஒட்டி வைத்தேன். மயில்துத்தம் கலந்து நானே காய்ச்சிய பசை அது, பூச்சி அண்டாது.

அவள் இந்தியாவில் மேடையில் பாடி நடித்து, பிறகு ஊமைப்படங்களுக்குப் போனவள். யாழ்ப்பாணப் பட்டினத்துக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை உரத்துச் சொல்லுவார். அவர் சொல்வதை யார் கேட்டார்கள்? நான் அவள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கொட்டகைக்கு நோட்டீஸ் அடித்த அச்சுக்கூடத்தில் எனக்கு எழுத்துக் கோக்கும் வேலை. கொக்குவிலில் இருந்து காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவேன். நோட்டீஸ், டிக்கட் துண்டு, அவள் முகம் போட்ட தீப்பெட்டி, சீலைக் கட்டின்மேல் ஒட்டி வந்த வண்ணத்தாள் என்று எதையும் விட்டதில்லை. இன்றைக்கும் அவளை 'அவள்' என்றுதான் எழுதுகிறேன். சொந்தம் கொண்டாடிப் பழகியவனுக்கு மரியாதை வராது.

ஒருமுறை நோட்டீசில் போடுவதற்காக இந்தியாவில் இருந்து படங்கள் வந்தன. உறையைப் பிரித்தவன் நான். ஐந்து படங்கள் இருந்தன. நான்கில் அவள் வேடத்தில் இருந்தாள். ஐந்தாவதை யாரோ தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. வீட்டுச் சேலையோடு நாற்காலியில் இருக்கிறாள். பக்கத்தில் முக்காலியில் ஒரு பெண் குழந்தை, ஒரு கையை அவள் தோளில் போட்டபடி நிற்கிறது. நான்கை முதலாளியிடம் கொடுத்தேன். ஐந்தாவதைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அந்தக் குழந்தை என் கண்ணை உறுத்தியது. வெட்டினேன். தோளில் கிடந்த கையை வெட்டினால் அவள் கழுத்தும் சேர்ந்து போய்விடும் என்பதால் நான்கு விரல்களை மட்டும் விட்டேன். ஒரு மாதம் கழித்து, உறைக்குள் வேறு படம் ஏதும் வந்ததா என்று கேட்டுக் கடிதம் வந்தது. முதலாளி என்னை விசாரித்தார். "இல்லை ஐயா," என்றேன். அவரும் அப்படியே பதில் எழுதிப் போட்டார்.

பிறகு பேசும் படம் வந்தது. அவளுக்குத் தொண்டையில் ஏதோ நோய் கண்டு குரல் கம்மிப் போனதாகப் பேசிக்கொண்டார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பத்து வருடம் போல ஆனபின் ஒரு நாடகக் கம்பனி பட்டினத்தில் கொட்டகை போட்டது. அவள் பெயர் நோட்டீசின் அடியில், இருப்பதிலேயே சின்ன எழுத்தில் இருந்தது. அந்த எழுத்தைக் கோத்ததும் நான்தான். நாடகத்தில் அவளுக்குக் கூனிக் கிழவி வேடம். அவள் வாயைத் திறந்ததும் சனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை, கொப்பியைத் துணியில் சுற்றிக்கொண்டு கம்பனிக்காரர் தங்கியிருந்த வீட்டுக்குப் போனேன். அவள் பாயில் இருந்தபடி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் கனகாலமா உங்கடை படங்கள் சேர்க்கிறனான். இதிலை ஒரு கையெழுத்து வைச்சுத் தாங்கோ," என்றேன்.

"என்னையா? என்னையெல்லாம் சேர்த்து வெச்சிருக்கீங்களா சார்?"

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். இது எந்த ஊரில் எடுத்தது, இந்த நகை யாரிடம் இரவல் வாங்கியது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எல்லாப் படத்திலும் தன்னைத் தனியாக நிற்க வைத்துவிட்டேனே என்றும் கேலி செய்தாள். அந்தப் பக்கம் வந்ததும் கை நின்றது. தோளில் இருந்த நான்கு விரல்களையும் தொட்டுப் பார்த்தாள்.

"குழந்தை எங்க சார்?"

"எனக்குக் கிடைச்சது இப்பிடித்தான்."

வெட்டிய ஓரத்தை அவள் பார்த்தாள். மற்றப் பக்கங்களிலும் அதே ஓரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தவள்தான்.

"என் மக சார். அந்த வருஷமே அம்மை போட்டுப் போயிட்டா. இந்த ஒரு படம்தான் எடுத்தோம். கம்பெனி கவர்ல தவறிப் போயிடுச்சு. எத்தனையோ பேருக்கு எழுதிக் கேட்டேன்." படத்தில் இருந்து விரலை எடுக்காமல், "இதை மட்டும் எனக்குக் குடுப்பீங்களா? அந்தக் கையாவது இருக்கட்டும்," என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"கழட்டினால் கிழிஞ்சு போம். பசை அப்பிடி," என்றேன்.

பசை அப்படித்தான். ஆனால் ஒட்டிய தாளோடு சேர்த்து வெட்டிக் கொடுத்திருக்கலாம். வெட்டத் தெரியாதவனா நான்?

"சரிங்க சார்," என்று கொப்பியை மூடி இரண்டு கையாலும் தந்தாள். டீ குடிக்கிறீர்களா என்றும் கேட்டாள்.

கையெழுத்தைக் காட்டும் பெருமையில் வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து சாமி அறைக்குப் போனாள். பிள்ளையார் படத்தைக் கழற்றி, சட்டத்துக்குப் பின்னால் செருகியிருந்த துண்டு ஒன்றை எடுத்து வந்தாள். அந்தக் குழந்தை.

"அண்டைக்கு நீங்கள் வெட்டி எறிஞ்சது. வீடு கூட்டேக்கை கண்டனான். பிள்ளையின்ரை முகம், அடுப்பிலை போட மனம் வரேல்லை. கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ."

"உம்மை ஆர் உந்தத் துண்டை எடுத்து வைக்கச் சொன்னது?"

அவள் துண்டை என் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுப் போனாள்.

அச்சுக்கூடத்தில் இருந்து நாடகக் கொட்டகைக்கு ஐந்து நிமிட நடை. திங்கட்கிழமை போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. கொடுத்தால் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். புதன் மத்தியானம் கொட்டகையைப் பிரித்து, சாமான்களை ஸ்டேஷனுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு தகரப் பெட்டிமேல் தனியாக இருந்தாள். தெருவின் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பையையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

"குடுத்தனீங்களோ?" என்று மனைவி கேட்டாள்.

"ஓம்."

"மனிசி என்ன சொன்னவ?"

"அழுதவ."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான்கு நாளாக என்னோடு சரியாகக் கதைக்காமல் இருந்தவள், அன்று எனக்குப் பிடித்த ஒடியல் பிட்டு அவித்தாள். நன்றாகச் சாப்பிட்டேன்.

துண்டை அந்த நான்கு விரல்களோடு பொருத்தி ஒட்டிவிட்டேன். மனைவி கொப்பியைத் திறப்பதில்லை. படம் இப்போது முழுதாக இருக்கிறது. ஒட்டின கோடு தெரியாது, அவ்வளவு துப்புரவாக வெட்டியிருந்தேன்.