கேமரா மீது குற்றம் நிரூபணமாகும் வரை

விசேஷ வீடுகளில் ஃபோட்டோ எடுத்துப் பிழைப்பவனுக்கு, நல்ல படம் எப்படி எடுப்பது என்று சொல்லித்தர ஆள் கிடைக்காது. கேமராவை எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்ல மட்டும் பந்திக்குப் பந்தி ஆள் இருப்பார்கள். நீங்களும் என்னைப் போல ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறவர் என்றால், இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

என்னுடையது மஸ்கட்டில் வாங்கியது. அங்கே ஆபீஸ் வேலை. வெள்ளிக்கிழமைகளில் கடற்கரையில் மகளைப் படம் எடுப்பதற்காக வாங்கினேன். நாற்பத்தைந்தைத் தாண்டி ஆவடிக்குத் திரும்பி, இனி ஆபீஸ் வேண்டாம், இதுதான் தொழில் என்று முடிவெடுத்தபோது கையில் இருந்ததும் அதுதான். அன்றே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். படம் கெட்டால் முதல் குற்றவாளி நான். செய்ய வேண்டியதையெல்லாம் நான் சரியாகச் செய்தும் படம் வரவில்லை என்றால், அன்றைக்குப் புதுக் கேமரா. அதுவரை யார் சொன்னாலும் கிடையாது.

எனக்கு வரும் விசேஷங்களுக்கெல்லாம் வீடியோ எடுக்க வருபவன் செல்வம், பட்டாபிராம்காரன். என் சட்டத்தைக் கேட்டுவிட்டு ட்ரைபாடை மடக்கிக்கொண்டே சொன்னான்: "மாமே, நீ கேமராக்கு வக்கீலா, எனக்குக் கூட்டாளியா? மொதல்ல அத்த சொல்லு."

காதுகுத்து வீட்டில் ஒரு கேள்வி

திருநின்றவூரில் ஒரு காதுகுத்து. மொட்டை போட்டதிலிருந்து குழந்தையின் முகத்துக்கு ஒரு முழ தூரத்திலேயே நான் இருந்தேன். அது வீறிட்டது, தாய்மாமன் மடியிலேயே ஈரம் பண்ணியது, சந்தனத்தை நக்கியது, எல்லாம் என்னிடம் இருக்கிறது. விருந்தாளிகளில் ஒருவர் குழாய் மாதிரி நீண்ட லென்ஸோடு பெரிய கேமரா வைத்திருந்தார். அவர் நகர்ந்தால் கூட்டம் வழிவிட்டது. நான் நகர்ந்தால் என் காலை மிதித்தது.

எல்லாம் முடிந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரமும் என் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த தாய்மாமன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோளில் கைபோட்டு, மிக மரியாதையாகக் கேட்டார்: "ஃபோட்டோகிராபர் எப்ப சார் வருவாரு?"

ஏரிக்கரை விசாரணை

அவமானத்துக்காகக் கேமராவை மாற்றுவதில்லை என்று சட்டத்தில் ஒரு உட்பிரிவைச் சேர்த்துக்கொண்டேன். ஆனால் சந்தேகம் வந்துவிட்டது. விசாரித்துவிடுவோம் என்று காலை வேளைகளில் பருத்திப்பட்டு ஏரிக்குப் போக ஆரம்பித்தேன். கொக்கு ஒன்று தண்ணீரோரம் நிற்கும். கிளம்பும்போது எடுத்தால் வெள்ளையாக ஒரு தீற்றல்தான் விழும். கேமரா மாட்டிக்கொண்டது என்று சந்தோஷப்பட்டேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் ஷட்டர் வேகத்தைக் குறைவாக வைத்திருந்தது நான். மறுநாள் வேகத்தைக் கூட்டினேன். இறகு விழுந்தது, தலை ஃபிரேமுக்கு வெளியே போயிருந்தது. அதுவும் நான்தான்.

ஏரியைச் சுற்றி நடக்கும் பெரியவர் ஒருவர் இதைத் தினமும் பார்த்துக்கொண்டு போவார். ஒருநாள் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அந்தக் கொக்கு நாளைக்கும் வரும் சார். அதுக்கு அவசரமே இல்ல. ஒங்களுக்குத்தான்."

கடைக்காரர்

அம்பத்தூரில் பழைய கேமராக்களை வாங்கி விற்கும் கடை ஒன்று உண்டு. சும்மா பிடித்துப் பார்க்கத்தான் போனேன். இந்தச் 'சும்மா' உங்களுக்கும் தெரிந்ததுதான். கண்ணாடி இல்லாத புது ரகம், மிரர்லெஸ், ஒன்றைக் கையில் வைத்தார். கனவு மாதிரி இருந்தது. என்ன லென்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கேமராவோடு வந்ததுதான் என்றேன். மிரர்லெஸை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மறுபடி கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு, என் கேமராவுக்கே பொருந்துகிற ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்றைத் தந்தார். அதிகம் வெளிச்சம் வாங்கும் லென்ஸ். விற்க வேண்டியதை விற்காத வியாபாரியிடம் பேரம் பேசாமலே அதை வாங்கிக்கொண்டேன்.

படியிறங்கும்போது கூப்பிட்டுச் சொன்னார்: "என்னைக்கு மாத்துனாலும் முகூர்த்தத்துக்கு மொத நாள் மாத்தாதீங்க சார். புதுச் செருப்பப் போட்டுக்கிட்டு நடைபயணம் போன கதையாயிடும்."

நின்றுபோன ஷட்டர்

நெமிலிச்சேரியில் ஒரு கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் அவருடைய சகோதரி, அதாவது பெண்ணுக்கு நாத்தனார், பின்னால் நின்று போடுவார். மேளம் உச்சத்துக்குப் போனதும் பதறிப்போய் ஷட்டரை அழுத்தியபடியே இருந்தேன். முதல் முடிச்சுக்கே ஏழெட்டுப் படம் விழுந்தது. அதோடு கேமரா மூச்சடைத்து நின்றுவிட்டது. எடுத்த படங்களைக் கார்டில் எழுதி முடிக்கும்வரை சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், ஷட்டர் நகராது. அது நகர்ந்தபோது நாத்தனார் முடிச்சுப் போட்டு முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கேமரா சின்னதுதான். ஆனால் ஒரு முடிச்சுக்கு ஒரு படம் என்று நிதானமாக எடுத்திருந்தால் அது ஏன் நிற்கப்போகிறது? அடுத்த கல்யாணத்தில் அப்படித்தான் எடுத்தேன், மூன்றும் வந்தன. வழக்கம்போலக் கேமரா விடுதலை. நெமிலிச்சேரி நாத்தனாரிடம் மட்டும் அந்தத் தீர்ப்பு எடுபடவில்லை. ஆல்பத்தைப் புரட்டியபடி, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அப்ப நான் போட்டது முடிச்சு இல்லியா?"

பிரபு வந்து சொன்னது

பிரபுவின் அப்பா ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்த பையன். தன் கல்யாணத்துக்கு ஃபோட்டோ எடுக்கக் கேட்டு வந்தான். பூந்தமல்லிப் பக்கம் ஒரு கோவிலில், விடியற்காலை முகூர்த்தம். மண்டபத்துக்குள் ஃபிளாஷ் போடக்கூடாது. எல்லாம் சொல்லி முடித்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான்.

அவனுக்கு ஒரே அக்கா, கலைவாணி. கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. நாத்தனார் முடிச்சை அவள் போடக்கூடாது, சித்தி மகள் போடட்டும் என்று சொந்தத்தில் பேச்சு. அக்காவே சரி என்றுவிட்டாள். இவன் ஒத்துக்கொள்ளவில்லை. "அக்காதான் கட்டும்ணே, அதுல மாத்தமில்ல. அந்த ரெண்டு முடிச்சும் ஃபோட்டோவுல தெளிவா வேணும். அக்கா மொகத்தோட. நாளைக்கு ஒருத்தரும் வேற யாரோ கட்டுனாங்கன்னு பேசக்கூடாது."

தூணுக்குத் தாலி கட்டிய செல்வம்

கொக்கு நாளைக்கும் வரும். இது வராது.

கோவிலில் கேட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் பல வாரங்கள் முன்பே, அதே விடியற்காலை நேரத்தில் செல்வத்தைக் கூட்டிப்போனேன். தூணைச் சுற்றி ஒரு கயிறு போட்டு, முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டே இருடா என்றேன். குத்துவிளக்கும் ஒரு மஞ்சள் பல்பும்தான் வெளிச்சம். ஐம்பது எம்.எம். லென்ஸை முழுக்கத் திறந்தேன். எதிர்த்தூணில் சாய்ந்து மூச்சைப் பிடித்தேன். ஒவ்வொன்றாக எடுத்தேன். ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் விரல்கள் புகையாகிவிட்டன. வேகத்தைக் கூட்டி, இருட்டை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் முகத்தில் ரவையைத் தூவியது போலப் புள்ளிகள். கண் எது, மூக்கு எது என்று இல்லை. இடத்தை மாற்றினேன், அளவுகளை மாற்றினேன். நான் செய்யக்கூடியது எதுவும் பாக்கி இல்லை என்று தெரிந்தபோது எனக்கு வருத்தமே வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

செல்வம் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தான். "நான் நல்லாத்தான் கீறேன் மாமே. உன் கேமராக்குத்தான் கண்ணு தெர்ல."

மூன்றாவது முடிச்சு

அன்றைக்கே அம்பத்தூர். அந்த மிரர்லெஸை வாங்கி, செருப்புப் பழகுவது போல ஏரிக்கரையில் பழகினேன். கண்ணை மூடிக்கொண்டு பித்தான்களைத் தடவி மாற்றும் அளவுக்கு வந்த பிறகுதான் கல்யாண நாள் வந்தது.

மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் பின்வரிசையிலிருந்து வளையல் போட்ட கை ஒன்று கயிற்றை நோக்கி நீண்டது. சித்தி மகள். கலைவாணி அரை அடி பின்னால் நகர்ந்தாள். பிரபு கயிற்றை விடவில்லை. இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் அப்படியே நின்றான். மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். நீண்ட கை மெதுவாக மடங்கியது. கலைவாணி வந்து கயிற்றை வாங்கினாள். விளக்கொளி அவள் கன்னத்தில் விழுந்தது. ஒரு முடிச்சுக்கு ஒரு படம் என்ற பழக்கத்தில் இரண்டே முறை அழுத்தினேன். இரண்டிலும் அவள் முகம் இருந்தது, கயிறு இருந்தது, முடிச்சும் இருந்தது.

ஆல்பம் கொடுக்கப் போனபோது, மூன்றாவது முடிச்சின் படத்தில் இடதுகை விரல்கள் மட்டும் லேசாக அசைந்திருப்பதை நானே கலைவாணியிடம் காட்டி, கம்ப்யூட்டரில் கொஞ்சம் சரிபண்ணித் தரட்டுமா என்று கேட்டேன். அந்தப் படத்தின் மேலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "வேண்டாம்ணே. கை நடுங்குனது நெசந்தான். அதுவும் இருக்கட்டும்."

இத்தனை விசாரணைக்கும் பிறகு நான் வாங்கிய கேமரா பழையதைவிடச் சின்னது என்பதால், ஃபோட்டோகிராபர் எப்போது வருவார் என்று காதுகுத்து வீடுகளில் இன்னமும் என்னிடமேதான் கேட்கிறார்கள்.