சேர்மன் எழுந்து நின்ற மத்தியானம்

நீ பார்த்தாய். பார்த்துவிட்டு, பார்க்கவில்லை என்று பத்துப் பேர் முன்னால் சொன்னாய்.

படிக்கிற மற்றவர்களுக்கு விவரம் தெரியாது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். நீயும் படி. தப்பாக எழுதியிருந்தால் சொல். நிஜமாகவே எனக்கு இப்போது எது தப்பு, எது சரி என்று தெரியவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கிற கம்பெனி ஒன்றில் நான் கிரைண்டிங் பிரிவில் இருந்தேன். நீ அங்கேயே கிரேன் ஓட்டினாய். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவாய். காலை ஷிப்ட் மத்தியானம் முடிந்தால் உன் ரயிலுக்கு நேரம் கிடக்கும். எனக்கோ வாடகை அறைக்குப் போய் சுவரைப் பார்ப்பதைத் தவிர வேலை கிடையாது. இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பாய் கடைக்குப் போவோம்.

பாய் பழவேற்காட்டுக்காரர். வீட்டில் எல்லோரும் ஜவுளி வியாபாரம். இவர் மட்டும் சென்னையில் யாரோ கழித்துப்போட்ட இரண்டு வீடியோ கேம் மெஷின்களை வாங்கி வந்து கடை போட்டார். ஒன்று கார் ஓட்டுகிற மெஷின். அதன் ஸ்டியரிங்கை எவனோ பிடுங்கிவிட்டான். பாய் அதன் மேல் சாப்பாட்டுக் கேரியரை வைத்துக்கொள்வார். இன்னொன்று சண்டை மெஷின். கூட்டமெல்லாம் அதற்குத்தான்.

அதன் கடைசி வில்லனைத்தான் நாங்கள் சேர்மன் என்போம். பாதி முகத்தில் இரும்புத் தகடு. பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். மற்ற வில்லன்கள் கத்திக்கொண்டு ஓடி வருவார்கள்; இவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே உதைப்பான். எவ்வளவு அடித்தாலும் எழுந்திருக்கமாட்டான். நாற்காலியை விடாதவனுக்கு வேறு என்ன பேர் வைப்பது?

அவன் எழுந்திருப்பானா, மாட்டானா என்று அங்கே நடந்த சண்டைக்கு அளவே இல்லை.

திருவள்ளூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற எலெக்ட்ரீஷியன் ஒருவன் இருந்தான். அவன் அடித்துச் சொல்வான்: "அவனுக்குக் காலே கிடையாதுடா. அதான் எய்ந்துக்க மாட்டன்றான்."

"காலு இல்லாம எப்டிடா உதைக்கிறான்?" என்று நீ கேட்டாய்.

"அது சேரோட காலு."

ரோலிங் மில்லில் வேலை செய்த மீசைக்கார அண்ணன் ஒருவர். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். அவர் வேறு மாதிரி சொல்வார்: "மத்த வில்லனெல்லாம் கோவப்பட்டுத் தோக்குறானுங்க நைனா. இவன் கோவமே படல பாரு. இவன்தான் டேஞ்சர்."

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. மெஷினில் ஜெயித்தால் பேர் போடலாம். ஆனால் கரண்ட் போனால் பேரெல்லாம் அழிந்துவிடும். எங்கள் பக்கம் கரண்ட் போகாத நாள் உண்டா? அதனால் எவன் வேண்டுமானாலும் 'நேத்து நான் ஜெயிச்சேன்' என்று அளக்கலாம். அளந்தார்கள். அதற்குத்தான் மீசைக்கார அண்ணன் சட்டம் போட்டார். பக்கத்தில் நின்று பார்த்தவன் கூட்டத்தில் சாட்சி சொன்னால்தான் ஜெயித்த கணக்கு. சாட்சி சொன்னவனுக்கு ஜெயித்தவன் டீ வாங்கித்தர வேண்டும். சேர்மன் விஷயத்தில் அதுவரை யாரும் சாட்சி சொன்னதில்லை. யாரும் ஜெயித்ததில்லை.

அன்றைக்கு மற்றவர்கள் இன்னும் வரவில்லை. பாய் கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நான் ஆடினேன். நீ என் இடது தோளுக்குப் பக்கத்தில் நின்றாய். உன் சட்டையில் கிரீஸ் வாசனை அடித்தது. திரையின் மேலே, சேர்மனுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் கோடு குறைந்துகொண்டே வந்து தீர்ந்தது. அவன் சாயவில்லை. நாற்காலியின் இரண்டு கைப்பிடியிலும் கையை ஊன்றினான். எழுந்து நின்றான். குள்ளமாக இருந்தான். அவ்வளவு நாள் பயந்ததற்கு எனக்கே சங்கடமாக இருந்தது. அவனுக்குப் பின்னால் நாற்காலி இரண்டாக உடைந்து விழுந்தது. நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய்.

"எய்ந்துட்டான்டா! யோவ், எய்ந்துட்டான்யா!"

நான் பேர் போடுவதற்குள் கரண்ட் போய்விட்டது.

பாய் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "யாரு எய்ந்துட்டாங்க?" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

மின்விசிறி நின்ற கடையில் புழுங்கியது. வெளியே வந்தோம். பக்கத்து டீக்கடையில் நான் இரண்டு டீ சொன்னேன். சந்தோஷத்தில் சொன்னேன். வேறு எண்ணம் இல்லை. குடித்து முடித்து கிளாஸைப் பெஞ்சில் வைத்தோம். அப்போதுதான் கூட்டம் வந்தது. மீசைக்கார அண்ணன் முன்னால் வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சில் இருந்த கிளாஸைப் பார்த்தார்.

"இன்னா நைனா, சாட்சி சொல்றதுக்கு முன்னாடியே டீ உள்ள போயிடுச்சா?"

எலெக்ட்ரீஷியன் சிரித்தான். "சொன்னப்புறம் குடிச்சா டீ. சொல்றதுக்கு முன்னாடி குடிச்சா அதுக்குப் பேரு வேற."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. இப்படி ஒரு கோணம் இருக்கிறது என்றே நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு டீக்கு உன்னை விலைக்கு வாங்க முடியுமா? நீ அதைத்தானே அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்?

அண்ணன் உன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுபா. பாத்தியா?"

நீ கிளாஸைப் பார்த்தாய். பிறகு தண்டவாளத்துப் பக்கம் பார்த்தாய்.

"நான் பாக்கல. ரயில் வருதான்னு திரும்பிக்கினு இருந்தேன்."

ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏன் சொன்னாய்? லஞ்சம் வாங்கினவன் என்ற பேர் வரும் என்று பயந்தாயா? என் மேல் ஏதாவது கோபமா? இல்லை, உண்மையிலேயே திரும்பி நின்றாயா? அப்படியென்றால் என் தோளை உலுக்கியது யார்?

அதன் பிறகு யாரும் சேர்மனை ஜெயித்ததாக நான் கேள்விப்படவில்லை. சண்டை மெஷினின் திரை எரிந்துபோனது. பாய் இரண்டையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு கம்ப்யூட்டர்கள் வைத்தார். பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டினார். இன்டர்நெட் பாதி நேரம் வராது. அப்போதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே இருந்த பின்பால் விளையாடுவோம். சாய்வான மேசை, அடியில் இரண்டு துடுப்பு, மேலிருந்து உருண்டு வரும் ஒரு குண்டு. நடுவில் உள்ள இடைவெளியில் விழுந்தால் போச்சு.

அதிலும் எங்களுக்கு வில்லன் தேவைப்பட்டான்.

"அந்த ஓட்டைதான் வில்லன்" என்றான் எலெக்ட்ரீஷியன்.

மீசைக்கார அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஓட்டை இன்னா பண்ணுச்சி? அது சும்மாதான் கீது. குண்டுதான் தானா போயி வுழுது. மேசையை சாய்ச்சு வெச்சான் பாரு, அவன்தான்."

நீ துடுப்பைத் தட்டிக்கொண்டே சொன்னாய்: "இதுல வில்லனே கிடையாதுண்ணா. அதான் நிம்மதி. கரண்ட் போனாலும் போட்ட பேரு நிக்குது. எவனும் எவனையும் சாட்சிக்குக் கூப்புட வேணாம்."

நான் உன்னைப் பார்த்தேன். "அப்ப அன்னிக்கு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஆடும்போது பேஜாரு பண்ணாத" என்றாய். குண்டு விழுந்தது.

பிறகு நீ வேலையை விட்டுப் போனாய். எங்கே என்று யாருக்கும் சொல்லவில்லை. நான் கல்யாணமாகித் திருநின்றவூருக்கு வந்துவிட்டேன். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

பழைய மெஷின்களைப் பற்றித் தமிழில் பேசுகிற இணையக் குழு ஒன்று இருக்கிறது. எந்த வில்லன் பெரியவன், எந்தப் பின்பால் மேசை நல்லது என்று வெளிநாட்டில் இருப்பவர்களும் வந்து அடித்துக்கொள்வார்கள். நான் எழுதமாட்டேன், படிப்பேன். போன மாதம் அங்கே ஒருவன் புனைபெயரில் எழுதியிருந்தான். ஸ்டியரிங் இல்லாத கார் மெஷின்மேல் சாப்பாட்டுக் கேரியர். ஆரம்பாக்கம் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம். நீதான்.

'அந்த வில்லன் எழுந்து நின்றதை நான் கண்ணால் பார்த்தவன். நல்ல உயரம். அவன் எழுந்த பிறகும் நாற்காலி காலியாக அப்படியே நின்றது' என்று எழுதியிருக்கிறாய். எல்லோரும் உன்னைப் பாராட்டியிருக்கிறார்கள். 'ஜெயிச்சது நீங்களா?' என்று ஒருவன் கேட்டிருக்கிறான். அதற்கு மட்டும் பதில் போடவில்லை.

முதலில் கம்ப்யூட்டரை உடைக்கலாம் போல வந்தது. அப்புறம் குழம்பிப்போனேன். நான் பார்த்த சேர்மன் குள்ளம். உன்னுடையவன் உயரம். நான் பார்த்த நாற்காலி உடைந்தது. உன்னுடையது நிற்கிறது. நான் இல்லாத ஒரு நாளில் நீ தனியாக ஆடி ஜெயித்தாயா? சாட்சி இல்லாததால் வாயை மூடிக்கொண்டாயா? அதனால்தான் எனக்கும் சாட்சி சொல்லவில்லையா? இல்லை, ஒரே காட்சியைத்தான் பார்த்தோமா? அப்படியென்றால் நம் இருவரில் யாருடைய ஞாபகம் கெட்டுப்போனது? அந்த மெஷினும் இல்லை, போய்ப் பார்ப்பதற்கு. பாய்க்குப் போன் செய்து கேட்டேன். "மெஷின் சவுண்டு மட்டும்தான் எனக்கு ஞாபகம் கீது தம்பி" என்றார்.

நான் ஆடியது நிஜமா என்று நானே என்னைக் கேட்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டாய்.

இதை அந்தக் குழுவிலேயே போடுகிறேன். தனியாக எனக்கு எழுதாதே. அங்கே, எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுது. அன்றைக்கு மத்தியானம் மெஷினை ஆட்டுகிற ஸ்டிக் யார் கையில் இருந்தது? நாற்காலி உடைந்ததா, நின்றதா? என் தோளைப் பிடித்து உலுக்கினாயா, இல்லையா? மூன்றுக்கும் பதில் சொல். டீ அதற்குப் பிறகுதான்.