சத்தம் வராத பூட்டு

பூட்டுக்காரர் என்றால் அந்தக் கடைத்தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாவியைத் தொலைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் அவருடைய ஒற்றைக் கதவுக் கடைக்குத்தான் வந்து சேருவார்கள். காலையில் கடையைத் திறந்ததும், "ஆண்டவனே, இந்தக் கை தப்பான கதவைத் திறந்துடக் கூடாது" என்று கும்பிட்ட பிறகுதான் அரத்தைத் தொடுவார். வீட்டுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் வந்து நிற்காமல் எந்தப் பூட்டிலும் கை வைக்க மாட்டார். அந்த நம்பிக்கையில் பாதித் தெரு தன் மாற்றுச் சாவிகளை அவரிடம் கொடுத்து வைத்திருந்தது. அவர் வீட்டு அலமாரியில் ஒரு தகரப் பெட்டி நிறைய ஊரார் சாவிதான்.

அவருக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. ஒரே மகள் கல்லூரிக்குப் போவது அவருக்குத் தானே போவது மாதிரி. அந்தக் கல்லூரியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். வேறு நாட்டுப் பெண் ஒருத்தி இங்கே ஒரு மாணவியின் வீட்டில் தங்கி நம் மொழியைப் படிப்பாள். அவள் ஊர் திரும்பும்போது அந்த மாணவியும் கூடவே போய் அவள் வீட்டில் தங்கி அங்கே படிப்பாள். மகள் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். பொறுப்பாசிரியை வீட்டுக்கே வந்து, நாடுகள் தூரமாக இருந்தாலும் இரண்டு வீடுகள் பழகிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். பூட்டுக்காரருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

எந்த நாடு என்று தெரிந்ததும் அந்த மனம் கொஞ்சம் சுருங்கியது. அந்த நாட்டுக்கும் இந்த நாட்டுக்கும் பழைய மனக்கசப்பு உண்டு. அந்த நாட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை அவர் யார் வாயிலும் கேட்டதில்லை. போதாக்குறைக்கு மைத்துனர் வந்து உட்கார்ந்துகொண்டு, "சிரிச்சிக்கிட்டே இருப்பாங்க மாமா, ஒரு நாள் பாத்தா அலமாரி காலியா இருக்கும்" என்று காதில் போட்டுவிட்டுப் போனார்.

அலமாரி என்றதும் தகரப் பெட்டி ஞாபகம் வந்தது. ஊரார் சாவியாயிற்றே என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார். விருந்தாளிக்கென்று ஒழித்துக் கொடுத்த அறைக் கதவில் பழைய பூட்டைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து மட்டுமே திருப்பக்கூடிய பூட்டு ஒன்றைப் பொருத்தினார். உள்பக்கம் வெறும் தகடு. எண்ணெய் விட்டு, பூட்டின் நாக்கை அரத்தால் இழைத்து இழைத்து, சாவி திரும்பினால் பூனைக்குக்கூடக் காது நிமிராத மாதிரி செய்தார். அவர் கைவேலையிலேயே அதுதான் மிகச் சிறந்தது. மனைவி பார்த்தாள், வாய் திறக்கவில்லை. மகள் மட்டும், "இது நல்லா இல்லப்பா" என்றாள். உனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலே பேசினால் பயணமே நின்றுபோகும் என்று அவளும் அடங்கிவிட்டாள்.

வந்த பெண்ணுக்குத் தலை நிறையச் சுருள் முடி. வீட்டில் அவள் பெயரே சுருட்டை என்றாகிவிட்டது. மகளை அக்கா என்றாள், இவரை அப்பா என்றாள். அவள் பேசிய தமிழ் பாடப்புத்தகத்தை அப்படியே இஸ்திரி போட்டு மடித்த மாதிரி இருக்கும். "அம்மா, துணிகளை நான் காயப்போடட்டுமா?" என்பாள், இவர் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியாது. கொஞ்ச நாளிலேயே அவள் சிரிப்புச் சத்தம் இல்லாவிட்டால் வீடு வீடாகவே இருக்காது. மனைவிக்கு அவளிடம் புரியாதது ஒன்றே ஒன்றுதான். பொழுது சாய்ந்துவிட்டால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். கொடுத்தால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவாள். அது அவர்கள் நாட்டுப் பழக்கமாம் என்று மனைவி அக்கம்பக்கத்தில் அதிசயமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அவர் மட்டும் தினமும் அவள் படுக்கப் போனதும் சாவியைத் திருப்பினார். விடிந்ததும் திறந்துவிட்டு, முகம் கழுவிக் கும்பிடப் போவார். விட்டுவிடலாம் என்று சில நாள் தோன்றும். ஆனால் கை பழகிவிட்டது. சத்தம் வராத பூட்டுதானே, அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்ற தைரியம் வேறு.

ஊர் திரும்பும் நாள் நெருங்கியபோது கல்லூரியில் ஒரு கூட்டம். தங்க இடம் கொடுத்த குடும்பங்களையும் தெருக்காரர்களையும் அழைத்திருந்தார்கள். வந்திருந்த மாணவிகள் தாங்கள் கற்றுக்கொண்டதை நம் மொழியில் சொல்ல வேண்டும். பூட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுருட்டை மேடையேறியதும் பக்கத்தில் இருந்த கண்ணாடிக் கடைக்காரரின் விலாவில் இடித்து, "நம்ம வீட்டுப் பொண்ணு" என்றார்.

"நான் கற்றுக்கொண்ட மிக அழகான பழக்கத்தைச் சொல்கிறேன்" என்று அவள் ஆரம்பித்தாள். "இந்த நாட்டில் விருந்தாளி தூங்கப் போனதும் அப்பா வெளியிலிருந்து கதவைப் பூட்டுவார். காலையில் திறந்துவிட்டுக் கடவுளைக் கும்பிடுவார். விருந்தாளியை அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள். நான் என் அம்மாவிடம் சொன்னேன். எங்கள் அப்பா புதுப் பூட்டு வாங்கிவிட்டார். அக்கா எங்கள் வீட்டுக்கு வரும்போது நாங்களும் தினமும் பூட்டுவோம்."

கூடத்தில் தலைகள் பூட்டுக்காரர் பக்கம் திரும்பின. பிறகு பின்வரிசையில் யாரோ விஷயம் புரியாமல் கைதட்ட, மற்றவர்களும் சேர்ந்து தட்டினார்கள். பூட்டுக்காரருக்கு அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுந்தது. கண்ணாடிக் கடைக்காரர் மெல்லக் குனிந்து, "நம்ம ஊர்ல இப்படி ஒரு பழக்கம் இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலையே. என் மாமியார் வந்தப்பத் தெரிஞ்சிருந்தா நானும் பூட்டியிருப்பேன்" என்றார். அவரும் தன் வீட்டுச் சாவியை இவரிடம் கொடுத்து வைத்திருப்பவர்தான்.

வாசலில் பொறுப்பாசிரியை நிறுத்தினார். குரலைத் தாழ்த்தி, "ஐயா, அது நிஜமாவே உங்க வீட்டுப் பழக்கந்தானா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா, எங்க வீட்டு வழக்கம்" என்றார் பூட்டுக்காரர். பக்கத்தில் நின்ற மகள் அவரைப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

சுருட்டை தோழிகளோடு கல்லூரியிலேயே தங்கி மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தாள். வீட்டில் மூன்று பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் மனைவிதான், "பழக்கம்னே இருந்துட்டுப் போகட்டுமேங்க. அந்தப் பொண்ணே சந்தோஷமாத்தானே சொல்லுது. யாருக்கு என்ன கொறஞ்சுது?" என்றாள்.

"எனக்குக் கொறையும்மா" என்றாள் மகள். "அங்க தெனமும் என்னை உள்ள வெச்சுப் பூட்டுவாங்க. அவங்க அன்பாப் பூட்டுவாங்க, அதுதான் தாங்காது. நான் எந்த மூஞ்சியோட அவங்க வீட்ல சாப்பிடுவேன்?" அம்மா பக்கம் திரும்பி, "அவ ஏன் பொழுது சாஞ்சா தண்ணி குடிக்கறதில்லன்னு இப்பவாவது புரியுதா?" என்றாள்.

கழிப்பறை அந்த அறைக்கு வெளியே இருந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பூட்டுக்காரர் எழுந்து போய்க் கும்பிடும் இடத்தில் நின்றார். கும்பிடக் கைகள் குவியவில்லை. அப்படியே நின்றுவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் கடைக்குப் போகவில்லை. அவள் வருவதற்குள் பூட்டைக் கழற்றிவிட வேண்டும் என்று உட்கார்ந்தார். கழற்றிவிட்டால் பேச வேண்டியிருக்காது, அவளும் கேட்க மாட்டாள், ஊருக்குப் போனதும் மறந்துவிடுவாள் என்று மனம் கணக்குப் போட்டது. திருகாணிகள் ஒவ்வொன்றாக வந்தன. பூட்டு கையோடு வந்த நேரத்தில் அவள் பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் நின்றிருந்தாள்.

கதவிலிருந்த ஓட்டையைப் பார்த்தாள். அவர் மடியில் கிடந்த பூட்டைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"நான் மேடையில் சொன்னது தவறா அப்பா? வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக் கூடாதா? அதனால் என்னை இனிமேல் பார்த்துக்கொள்ள மாட்டீர்களா?"

தரை பிளந்திருந்தால் பூட்டுக்காரர் உள்ளே போயிருப்பார். அவள் தன் மேல் குற்றம் தேடுகிறாள். பேசாமல் தலையாட்டினால் அந்தக் குற்றத்தையும் அவளே எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவாள்.

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா" என்றார். "அது பழக்கம் இல்ல. இந்த ஊர்ல யாரும் விருந்தாளியைப் பூட்ட மாட்டாங்க. நான்தான் பூட்டினேன். நீ எதையாவது எடுத்துட்டுப் போயிடுவேன்னு பயந்து பூட்டினேன். நேத்து டீச்சர்கிட்டயும் பொய் சொன்னேன்."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"முதல் நாள் கதவைத் தள்ளிப் பார்த்தேன்" என்றாள். "அன்று அழுதேன். காலையில் நீங்கள் கும்பிடுவதைப் பார்த்தேன். இப்படிக் கும்பிடுகிறவர் என்னைச் சந்தேகப்பட மாட்டார், இது இவர்கள் பழக்கமாக இருக்கும் என்று நினைத்தேன்."

கடைத்தெரு முழுக்க அவரைத் திட்டியிருந்தாலும் இந்த வலி வந்திருக்காது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். தகரப் பெட்டிச் சாவிகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். சாக்குச் சொல்வது மாதிரி இருக்கும் என்று விழுங்கிவிட்டார்.

அவள் போனை எடுத்துத் தன் வீட்டுக்குப் பேசினாள். ஒரு சொல்லும் இவருக்குப் புரியவில்லை. அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல், கனமான குரல், எதையோ கேட்டது. அவள் போனை ஒலிபெருக்கியில் போட்டு அவர் முன்னால் நீட்டினாள்.

"பூட்டு வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று என் அப்பா கேட்கிறார். நான் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள். நான் மொழிபெயர்க்கிறேன்."

அவள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. தப்பித்துக்கொள்ள வழி விடாத முகம். உள்ளே மகளும் மனைவியும் கேட்டுக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரிந்தது. மகளின் பயணம் இதோடு போனாலும் போகட்டும் என்று அவர் ஆரம்பித்தார். "ஐயா, உங்க பொண்ணைத் திருடின்னு நெனச்சேன்" என்றார். அதை அவளே தன் வாயால் தன் தகப்பனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் இடறியது. பிறகு அவர் அடுத்ததைச் சொன்னார், அவள் அதையும் சொன்னாள். தண்ணீர் குடிக்காத விஷயத்தையும் அவர் விடவில்லை. அதைச் சொல்லும்போது அவளே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தப் பக்கத்துக் குரல் நிதானமாக ஏதோ சொன்னது.

"அப்பா சொல்கிறார்" என்றாள் சுருட்டை. "தனக்குக் கோபமாக இருக்கிறது, அது போக நாளாகும் என்கிறார். ஆனால் உங்கள் நாட்டைப் பற்றி எங்கள் தெருவிலும் அப்படித்தான் பேசுகிறார்களாம். அக்கா வரட்டும் என்கிறார். வாங்கிய பூட்டைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம். அதைக் கதவுக்கு எந்தப் பக்கம் மாட்டினால் சாவி அக்கா கையில் இருக்கும் என்று கேட்கிறார். நீங்கள் பூட்டு வேலை செய்கிறவர் அல்லவா?"

எத்தனையோ பேருக்கு எத்தனையோ கதவில் பதில் சொன்ன மனிதர். அன்று, "உள்பக்கம்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்குக் குரல் எழும்பவில்லை. மனைவி ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்தாள். அவருக்கா, அந்தப் பெண்ணுக்கா என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு நின்றாள்.